கால் பிரண்டால் ஐஸ், திருக்கை குத்தினால் வெந்நீர்

கரைவலை இழுக்கும் இடத்தில் ஒரே காலையில் இரண்டு பேருக்கு அடிபட்டதை ஒருமுறை பார்த்தேன். ஒருவருக்கு ஈரமணலில் கால் பிரண்டு கணுக்கால் புசுபுசுவென்று வீங்கிவிட்டது. இன்னொருவருக்கு வலையில் கிடந்த திருக்கையின் முள் பாதத்தில் ஏறிவிட்டது. கால் பிரண்டவருக்கு அவர் வீட்டில் உப்பை வறுத்துத் துணியில் முடிந்து சுடச்சுட ஒத்தடம் கொடுத்தார்கள். முள் ஏறியவருக்கு மீன் பெட்டியிலிருந்து ஐஸை அள்ளிப் பாதத்தில் வைத்தார்கள். இரண்டுமே அக்கறையோடு செய்தவைதான். ஆனால் இரண்டும் இடம் மாறிப் போய்விட்டன. அந்த ஐஸ் வீங்கிய கணுக்காலுக்கும், அந்தச் சூடு முள் ஏறிய பாதத்துக்கும் போயிருக்க வேண்டும்.

தொண்டி, தேவிபட்டினம், மண்டபம், பாம்பன் என்று தொடங்கி கீழக்கரை, ஏர்வாடி, வாலிநோக்கம், மூக்கையூர் வரை நீளும் நம் ராமநாதபுரம் கரையில் ஐஸுக்கும் பஞ்சமில்லை, ஒத்தடத்துக்கும் பஞ்சமில்லை. உடம்பு வலிக்கும் பஞ்சமில்லை. வலை இழுத்து இழுத்துத் தோள் போனவர்கள், நண்டு வலையில் சிக்கெடுத்து இடுப்பு பிடித்துக்கொண்டவர்கள், இடுப்பளவு தண்ணீரில் பாசி எடுத்து முழங்கால் தேய்ந்தவர்கள், உப்பளத்தில் குனிந்தே முதுகு வளைந்தவர்கள் எல்லாத் தெருவிலும் இருக்கிறார்கள். இப்போது மருந்துக்கடைகளில் நீல நிற ஜெல் பை, மின்சாரத்தில் சூடாகும் பட்டை, ரப்பர் வெந்நீர்ப் பை எல்லாம் தொங்குகின்றன. வாங்குகிறவர்கள் முதலில் கேட்பது, "சூடு நல்லதா, குளிர் நல்லதா?" என்பதைத்தான். இந்தக் கேள்விக்கு நேரடியாகப் பதில் கிடையாது. அடிபட்ட இடத்துக்குள் இப்போது என்ன நடந்துகொண்டிருக்கிறது என்று பார்த்தால் பதில் தானாக வந்துவிடும்.

முதலில், சூடும் குளிரும் வலியை எப்படிக் குறைக்கின்றன என்று பார்ப்போம். இதற்கான விடையில் நம் ஊர் முண்டு மிளகாய்க்கும் தொடர்பு இருக்கிறது. 2023-இல் புவிசார் குறியீடு பெற்ற ராமநாதபுரம் முண்டு மிளகாயைக் கடித்தால் வாய் எரிகிறது. வாயில் சூடு எதுவும் இல்லை, ஆனாலும் எரிகிறது. மிளகாயில் இருக்கும் கேப்சைசின் என்ற பொருள், நரம்பு நுனியில் சூட்டை உணர்வதற்கென்றே இருக்கும் ஒரு புரதத்தைத் திறந்துவிடுவதுதான் காரணம். டேவிட் ஜூலியஸ் என்ற அமெரிக்க விஞ்ஞானியின் குழு 1997-இல் இந்தப் புரதத்தைக் கண்டுபிடித்தது. டிஆர்பிவி1 என்று அதற்குப் பெயர். ஏறத்தாழ 43 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடு பட்டாலும் இதே புரதம்தான் திறக்கிறது. குளிரை உணர இன்னொரு புரதம் இருக்கிறது. தைலத்தில் இருக்கும் மென்தால் அதைத் தூண்டுவதால்தான் தேய்த்த இடம் ஜில்லென்று இருக்கிறது. இந்தக் கண்டுபிடிப்புகளுக்காகவும் தொடு உணர்வு பற்றிய ஆய்வுக்காகவும் ஜூலியஸுக்கும் ஆர்டெம் படபூட்டியனுக்கும் 2021-இல் மருத்துவ நோபல் பரிசு கிடைத்தது.

வலிச்செய்தி மூளைக்குப் போகும் வழியில் முதுகுத்தண்டில் ஒரு கதவு மாதிரி அமைப்பு இருக்கிறது என்று 1965-இல் மெல்சாக், வால் என்ற இருவர் சொன்னார்கள். தொடுதல், அழுத்தம் போன்ற வேறு உணர்வுகள் அந்தக் கதவில் நெருக்கியடித்தால் வலி உள்ளே போவது குறையும். இடித்துக்கொண்ட முழங்காலை நாம் உடனே தேய்ப்பது இதனால்தான். ஒத்தடத்தின் இதமும் ஓரளவு இந்த வழியில் வருவதுதான். அதாவது சூடோ குளிரோ கிழிந்த தசைநாரைத் தைத்துவிடாது. வலியைத் தணித்து, உடம்பை அசைய விட்டு, உடம்பு தன்னைத்தானே சரிசெய்துகொள்ள வசதி பண்ணிக்கொடுக்கும். அதுவே பெரிய உதவிதான்.

சரி, குளிருக்கு வருவோம். கால் பிரண்ட உடனே உள்ளே சின்னச் சின்ன ரத்தக்குழாய்கள் கிழிந்து, ரத்தமும் நீரும் கசிந்து வீங்குகிறது. அந்த நேரத்தில் சூடு வைத்தால் குழாய்கள் விரிந்து கசிவு கூடும். தேய்த்து சுளுக்கு வழித்தாலும் இதே கதைதான். குளிர் அந்தக் குழாய்களைச் சுருக்குகிறது, நரம்பில் செய்தி ஓடும் வேகத்தையும் குறைக்கிறது. ஐஸ் வைத்தவர்களுக்கு வரிசை தெரியும்: முதலில் குளிரும், அப்புறம் எரியும், அப்புறம் உளையும், கடைசியில் மரத்துப்போகும். மரத்ததும் எடுத்துவிட வேண்டும். பத்து நிமிடம் போதும், மிஞ்சினால் இருபது. இரண்டு மணி நேரம் கழித்து மறுபடி வைக்கலாம்.

இங்கே ஒரு திருத்தத்தையும் சொல்லியாக வேண்டும். 1978-இல் கேப் மிர்க்கின் என்ற அமெரிக்க மருத்துவர், அடிபட்டால் ஓய்வு, ஐஸ், இறுக்கக்கட்டு, உயர்த்தி வைத்தல் என்று நான்கு சொல்லில் ஒரு விதியைத் தந்தார். உலகம் முழுக்க விளையாட்டுத் திடல்களில் அது வேதமாகிவிட்டது. அதே மருத்துவர் 2014-இல் தம் கருத்தை மாற்றிக்கொண்டார். வீக்கம் என்பது உடம்பு பழுதுபார்க்க அனுப்பும் ஆட்களின் கூட்டம். ஐஸை மணிக்கணக்கில் வைத்து அதை முழுக்கத் தடுத்தால் குணமாவது தள்ளிப்போகலாம். வலிக்காக முதல் சில மணி நேரத்தில் கொஞ்ச நேரம் வைத்தால் போதும் என்றார். முப்பத்தாறு வருடத்துக்கு முன் தான் சொன்னதையே திரும்பிப் பார்த்துத் திருத்திய அந்த மனிதர் மேல் எனக்குப் பெரிய மரியாதை உண்டு. ஐஸை வலிக்காக வையுங்கள். ஆனால் மூன்று நாள் விடாமல் வைத்தால் சீக்கிரம் ஆறும் என்று நம்ப வேண்டாம். வலி பொறுக்கும் அளவுக்கு வந்ததும் காலை மெதுவாக அசைக்க ஆரம்பிப்பதுதான் முக்கியம்.

கபடி, கைப்பந்து ஆடுகிற பையன்கள் இப்போது கைப்பேசியில் பார்த்துவிட்டு, ஆட்டம் முடிந்ததும் ஐஸ் தண்ணீரில் உட்காருகிறார்கள். மறுநாளும் ஆட்டம் இருந்தால் உடம்பு உளைச்சல் குறைய அது உதவும். தசை ஏற வேண்டும் என்று எடை தூக்குகிறவர்கள் அதை வழக்கமாக்கிக்கொள்ளக் கூடாது. எடைப் பயிற்சிக்குப் பிறகு ஒவ்வொரு முறையும் குளிர்நீரில் உட்கார்ந்தவர்களுக்குத் தசை வளர்ச்சி குறைந்தது என்று 2015-இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது.

இனி நம் கரைக்கே உரிய ஒரு ஆபத்து. வீட்டில் குளிர்சாதனப் பெட்டி இல்லாதவர்கள் படகுக்குப் போகும் ஐஸையோ மீன் பெட்டி ஐஸையோ எடுத்து வைக்கிறார்கள். நல்ல தண்ணீர் ஐஸ் உருகும்போது அதன் சூடு பூஜ்ஜியம் டிகிரியிலேயே நிற்கும். ஒரு கிலோ ஐஸ் உருகுவதற்கு உறிஞ்சும் வெப்பம், அதே ஒரு கிலோ தண்ணீரைப் பூஜ்ஜியத்திலிருந்து 80 டிகிரிக்குச் சூடாக்கத் தேவைப்படும் அளவு. அதனால் உருகும் ஐஸ் நின்று நிதானமாகக் குளிர் தரும். ஆனால் உப்பு கலந்த ஐஸ் அப்படி இல்லை. உப்பு சேரச் சேர அது பூஜ்ஜியத்துக்குக் கீழே இறங்கி, மைனஸ் 21 வரைகூடப் போகலாம். அதை நேராகத் தோலில் வைத்தால் தோல் உறைந்து கருகிப்போகும், சூட்டுக்காயம் போலவே கொப்புளம் கிளம்பும். உறைநிலைப் பெட்டியிலிருந்து எடுத்த ஜெல் பைக்கும் இதே எச்சரிக்கை உண்டு, அந்தப் பெட்டியின் உள்ளே மைனஸ் 18 டிகிரி வரை இருக்கும். பார்க்க மெத்தென்று இருப்பதால் ஆபத்து தெரியாது. அதனால் எதை வைத்தாலும் இடையில் ஓர் ஈரத்துணி இருக்கட்டும். கழுவிய பால் பாக்கெட்டில் தண்ணீர் ஊற்றி உறையவைத்து, உடைத்து, ஈரத்துண்டில் சுற்றி வைத்தாலே போதும். பெட்டிக்கடை பாக்கெட் ஐஸும் அவசரத்துக்கு உதவும். கரண்ட் இல்லாத நேரத்தில் மண்பானைத் தண்ணீரில் நனைத்த துணியைச் சுற்றிக் காற்றாட வைத்தாலும் கொஞ்சம் குளிர்ச்சி கிடைக்கும்.

முழங்காலின் வெளிப்பக்கம், முழங்கையின் உள்பக்கம் ஆகிய இரண்டு இடங்களில் முக்கியமான நரம்பு தோலுக்கு மிக அருகில் ஓடுகிறது. அங்கே ஐஸை இறுக்கிக் கட்டிவிட்டுத் தூங்கிப்போனால் நரம்பு அடிபட்டு, முழங்காலாக இருந்தால் பாதம் தொங்கிப்போகவும் வாய்ப்பு உண்டு. இறால் உரிக்கிற, மீன் பிரிக்கிற பெண்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். நாள் முழுக்க ஐஸில் கை வைத்து வேலை செய்து விரல் மரத்துப்போனவர்களுக்கு அந்தக் கைக்கு மேலும் குளிர் தேவையில்லை. வேலை முடிந்ததும் வெதுவெதுப்பான தண்ணீரில் கையை வைத்து விரலை மடக்கி நீட்டினால் போதும். விரல் நுனி வெளுத்து, நீலமாகி, பிறகு சிவந்து வலிக்கிறது என்றால் மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

சூட்டின் பக்கம் நம் ஆட்கள் ஏற்கெனவே தேர்ந்தவர்கள். சித்த மருத்துவம் சொல்லும் 32 புறமருந்துகளில் ஒற்றடமும் வேதும் (ஆவி பிடித்தல்) உண்டு. எங்கள் அப்பத்தா உப்பு, தவிடு, மணல் என்று மூன்று வகை முடிச்சு வைத்திருந்தார். நொச்சி இலையை வதக்கித் துணியில் கட்டி வைப்பதும் உண்டு. முடிச்சை முதலில் தன் புறங்கையில் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் எங்கள் மேல் வைப்பார். "சூடு பொறுக்குதாப்பா?" என்று நடுநடுவே கேட்டுக்கொண்டே இருப்பார். இன்றைக்கு எந்தக் கையேட்டைத் திறந்தாலும் முதலில் நிற்கும் பாதுகாப்பு விதியே இந்தக் கேள்விதான்.

சூடு செய்யும் வேலை தெளிவானது. ரத்தக்குழாயை விரித்து, இறுகிய தசையைத் தளர்த்தி, மூட்டைச் சுற்றியுள்ள நாரைக் கொஞ்சம் இளக்கிவிடும். அதனால் வீக்கம் இல்லாத பழைய வலி, காலையில் எழுந்ததும் வரும் விறைப்பு, கழுத்துப் பிடிப்பு, இடுப்புப் பிடிப்பு இவற்றுக்குச் சூடுதான் பொருத்தம். இடுப்பு வலிக்குச் சூட்டுப்பட்டை கொஞ்ச காலத்துக்கு ஓரளவு நிவாரணம் தருகிறது என்றும், குளிர் அப்படித் தருகிறது என்பதற்குப் போதிய ஆதாரம் இல்லை என்றும் 2006-இல் ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்த குழு ஒன்று சொன்னது. புதிதாக வந்த இடுப்பு வலிக்கு மருந்துக்கு முன்பே மேல்சூட்டை முயலலாம் என்று அமெரிக்க மருத்துவர்கள் கல்லூரியின் 2017 வழிகாட்டுதலும் சொல்கிறது. மாதவிடாய் வலிக்கும் அடிவயிற்றில் இதமான சூடு வைப்பது நல்ல வழி. ஏறத்தாழ 39 டிகிரிச் சூட்டை நெடுநேரம் வைத்தது இபுபுரூஃபன் மாத்திரைக்கு இணையாக வலியைக் குறைத்தது என்று 2001-இல் ஓர் ஆய்வு வெளியானது. பாசி எடுக்கப் போய்த் தண்ணீரில் மணிக்கணக்கில் நிற்கிற பெண்கள் தெரிந்துகொள்ள வேண்டிய செய்தி இது.

இருந்தாலும் சூடு எவ்வளவு ஆழம் போகும் என்பதற்கு எல்லை உண்டு. தோலின் மேல் வைக்கிற பட்டையின் சூடு ஒன்றிரண்டு சென்டிமீட்டருக்கு மேல் சரியாக இறங்காது. விரல் மூட்டுக்குப் போய்ச்சேரும், இடுப்பெலும்பின் ஆழத்தில் இருக்கும் மூட்டுக்குப் போகாது. உள்ளே போகவில்லையே என்று சூட்டைக் கூட்டுவதில்தான் விபத்து நடக்கிறது. தோலுக்குக் கணக்கு வேறு. 44 டிகிரிச் சூடு தோலைப் புண்ணாக்க ஏறத்தாழ ஆறு மணி நேரம் ஆகும், 60 டிகிரிக்கு ஐந்து விநாடி போதும். வெந்நீர்ப் பையில் கொதிக்கும் நீரை ஊற்றக் கூடாது என்பது இதனால்தான். முக்கால் பங்கு நிரப்பி, காற்றை வெளியேற்றி, மூடியை இறுக்கி, துண்டில் சுற்றி, பதினைந்து இருபது நிமிடம் வைக்கலாம். அதை வைத்துக்கொண்டே தூங்கக் கூடாது. தினமும் ஒரே இடத்தில் மாதக்கணக்கில் சூடு வைத்தால் அங்கே வலை விரித்தது போலப் பழுப்புக் கோடுகள் விழும். அது தோல் தாங்கவில்லை என்பதற்கான அடையாளம், நிறுத்திவிட வேண்டும்.

கடைகளில் விற்கும் பட்டைகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. உள்ளே இருக்கும் தகட்டை 'கிளிக்' என்று மடக்கினால் சூடாகும் பையில் சோடியம் அசிடேட் கரைசல் இருக்கும். அது உறைந்து படிகமாகும்போது வெப்பம் வரும், ஐம்பது டிகிரியைத் தாண்டும். கொதிநீரில் போட்டு உருக்கினால் மறுபடி பயன்படும். துணியோடு ஒட்டிக்கொள்ளும் பட்டையில் இரும்புத்தூள் காற்றோடு சேர்ந்து துருப்பிடிக்கிற வெப்பம்தான் வருகிறது, அது ஒருமுறைக்குத்தான். குத்தினால் குளிரும் பையில் யூரியா போன்ற பொருள் தண்ணீரில் கரைந்து வெப்பத்தை உறிஞ்சும். அது ஓட்டையானால் தூக்கி எறிந்துவிட்டுத் தோலைக் கழுவ வேண்டும். கரண்டில் செருகிச் சூடாக்கும் ஜெல் பையைச் செருகியிருக்கும்போது உடம்பில் வைக்கவே கூடாது. உப்பிப்போனதையும் கசிவதையும் காசு போகிறதே என்று பார்க்காமல் வீசிவிடுங்கள். தைலம் தேய்த்த இடத்தில் சூட்டுப்பட்டை கட்டுவதும் வேண்டாம். மிளகாய் கதையை நினைத்துப் பாருங்கள்: நரம்பு ஏற்கெனவே தூண்டப்பட்டிருக்கிறது, அதன் மேல் சூடும் சேர்ந்தால் தோல் வெந்துபோகலாம்.

இனி அந்தத் திருக்கை முள். திருக்கை, கெளுத்தி, ஓரா மீன்களின் முள்ளில் இருக்கும் விஷம் புரதத்தால் ஆனது. முட்டை வெந்தால் கெட்டியாவது போல, சூடு பட்டால் அந்தப் புரதம் தன் வடிவம் குலைந்து வீரியம் இழக்கிறது. ஓரா குத்தினால் கை கடுகடுவென்று கடுக்கும், அது தெரியாதவர்கள் பாக் நீரிணைக் கரையில் இருக்க மாட்டார்கள். குத்திய இடத்தைக் கடல்நீரில் கழுவி, மேலே தெரியும் முள் துண்டை எடுத்துவிட்டு, பொறுக்கும் அளவுச் சூட்டில், அதாவது 42 முதல் 45 டிகிரித் தண்ணீரில் அரை மணி முதல் ஒன்றரை மணி நேரம் வரை முக்கி வைக்க வேண்டும். ஆற ஆற வெந்நீர் சேர்க்க வேண்டும், சேர்க்கும்போது காலை வெளியே எடுத்துவிட வேண்டும். சூடு சரியா என்பதைக் குத்துப்பட்ட காலை வைத்துப் பார்க்கக் கூடாது. கடுப்பில் அந்தக் கால் சூட்டைச் சரியாகச் சொல்லாது. இன்னொரு கால், அல்லது கூட இருப்பவர் கைதான் அளவுகோல். படகில் இருந்தால் அடுப்பில் வைத்த தண்ணீரும் ஒரு வாளியும் போதும். மேலே இறுக்கிக் கட்டுவது, கீறி ரத்தம் எடுப்பது எல்லாம் வேண்டாம். வலி தணிந்தாலும் ஆஸ்பத்திரிக்குப் போகத்தான் வேண்டும். முள் உள்ளே முறிந்திருக்கலாம், டெட்டனஸ் ஊசியும் தேவைப்படலாம். நெஞ்சிலோ வயிற்றிலோ திருக்கை குத்தினால் வெந்நீருக்காக நிற்காமல் முள்ளைப் பிடுங்காமல் உடனே கிளம்ப வேண்டும்.

சொறி, அதாவது ஜெல்லி மீன், பட்டாலும் பல வகைகளுக்கு வெந்நீர் உதவுகிறது. ஆஸ்திரேலியாவில் நீலக்குமிழி என்ற வகை பட்டவர்களை இரண்டாகப் பிரித்து ஒரு பகுதிக்கு ஐஸும் ஒரு பகுதிக்கு 45 டிகிரி வெந்நீரும் கொடுத்துப் பார்த்தபோது வெந்நீர்தான் வலியை நன்றாகக் குறைத்தது. அந்த முடிவு 2006-இல் வெளிவந்தது. ஒட்டிய இழைகளைக் கடல்நீர் ஊற்றி நீக்க வேண்டும், மணல் போட்டுத் தேய்க்கக் கூடாது. மூச்சு வாங்கினாலோ நெஞ்சு படபடத்தாலோ அது வீட்டு வைத்தியத்துக்கு உரியதல்ல.

எழுதும்போதே மனதை அழுத்துகிற ஒன்றைச் சொல்ல வேண்டும். என் பெரியப்பாவுக்குப் பதினைந்து வருடச் சர்க்கரை. பாதம் உளைகிறது என்றார். வீட்டில் செங்கல்லைச் சுடவைத்துத் துணி சுற்றி ஒத்தடம் கொடுத்தோம். "ஒண்ணுமே தெரியலையே, இன்னும் சூடா வையுங்க" என்று அவரே கேட்டார். நாங்களும் வைத்தோம். மறுநாள் பாதத்தின் அடியில் பெரிய கொப்புளம். அது ஆறப் பல மாதம் ஆனது. சர்க்கரையால் நரம்பு மழுங்கிய பாதத்துக்குச் சூடும் தெரியாது, குளிரும் தெரியாது. அப்பத்தாவின் "சூடு பொறுக்குதா?" கேள்விக்கு அந்தப் பாதத்தால் பதில் சொல்ல முடியாது. அதனால் உணர்ச்சி குறைந்த இடத்தில் இரண்டுமே வேண்டாம். பக்கவாதத்தில் மரத்த கை, ரத்த ஓட்டம் குறைந்த கால், திறந்த புண் இருக்கும் இடம் எல்லாவற்றுக்கும் இதுவே பொருந்தும்.

ஒரு காலின் கெண்டைச்சதை மட்டும் திடீரென்று வீங்கிச் சூடாகி வலித்தால் அது உள்ளே ரத்தம் உறைந்ததாக இருக்கலாம், ஒத்தடமும் கூடாது, நீவியும் விடக் கூடாது. காய்ச்சலோடு மூட்டு சிவந்து வீங்கினாலும் அப்படியே. இடுப்பு வலியோடு கால் மரத்துப்போவதோ சிறுநீர் போகாமல் நிற்பதோ சேர்ந்தால் அன்றைக்கே ஆஸ்பத்திரி. இடது தோள், தாடை, மேல்முதுகு வலியோடு வியர்த்து ஊற்றினால் வலை இழுத்த பிடிப்பு என்று நினைத்து ஒத்தடம் கொடுத்துக்கொண்டிருக்காமல் 108-ஐ அழைத்துவிடுங்கள்.

அன்று கணுக்கால் வீங்கியவர், வீக்கம் வடிந்த நாலாம் நாள், அதே உப்பு முடிச்சைத்தான் வைத்துக்கொண்டார். இதமாக இருந்தது என்றார். அந்த நாளுக்கு அது சரியான வைத்தியம். ஒத்தடம் முடிந்து தசை இளகியிருந்த அந்தக் கால் மணி நேரத்தில் பாதத்தை மேலும் கீழுமாக ஆட்டச் சொன்னேன். திண்ணையில் உட்கார்ந்தபடியே, வலை பின்னிக்கொண்டு, ஆட்டிக்கொண்டிருந்தார்.